பின்னுதைப்பு குறைந்த சுழல் துப்பாக்கி

பின்னுதைப்பு குறைந்த சுழல் துப்பாக்கி என்பது, சுடும்போது சுடுபவரின் கையைப் பின்னோக்கித் தள்ளும் விசை குறைவாக இருக்கும்படி அமைந்த, அல்லது அவ்வாறான தோட்டாவைப் பயன்படுத்தும் ரிவால்வர் வகைக் கைத்துப்பாக்கி ஆகும். மணிக்கட்டு வலி, பெருவிரல் மூட்டுத் தேய்மானம், நரம்பு அழுத்தம் போன்ற குறைபாடு உடையவர்கள் இவ்வகைத் துப்பாக்கிகளை நாடுகின்றனர். எடை குறைந்த துப்பாக்கியே கைக்கு இதமானது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இயற்பியலின்படி இது பெரும்பாலும் தவறாகும். இந்தியாவில் 2014 ஆம் ஆண்டு பெண்களுக்கென அறிமுகப்படுத்தப்பட்ட நிர்பீக் என்னும் சுழல் துப்பாக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பின்னுதைப்பின் இயற்பியல்

துப்பாக்கியின் பின்னுதைப்பு உந்த அழிவின்மை விதியின் நேரடி விளைவாகும். சுடுவதற்கு முன் துப்பாக்கி, குண்டு இரண்டும் ஓய்வில் உள்ளன. எனவே மொத்த உந்தம் சுழியம். குண்டு முன்னோக்கி எவ்வளவு உந்தத்துடன் செல்கிறதோ, அதே அளவு உந்தத்துடன் துப்பாக்கி பின்னோக்கி நகர வேண்டும். குண்டின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கி, துப்பாக்கியின் நிறையால் வகுத்தால் துப்பாக்கி பின்னோக்கி நகரும் வேகம் கிடைக்கும். வெடிமருந்து எரிந்து உருவாகும் வளிமமும் குழலை விட்டு வேகமாக வெளியேறுவதால் உண்மையான மதிப்பு இதைவிடச் சற்று கூடுதலாகவே இருக்கும். ஒப்பிடுவதற்கு எளிய கணக்கே போதுமானது.

இங்கு கவனிக்க வேண்டியது, உந்தம் தோட்டாவைப் பொறுத்தது என்பதாகும். துப்பாக்கியை மாற்றினாலும் அதே தோட்டா ஏறத்தாழ அதே உந்தத்தையே தரும். ஆனால் அந்த உந்தம் கையில் எவ்வளவு ஆற்றலாக இறங்குகிறது என்பது துப்பாக்கியின் நிறையைப் பொறுத்தது. உந்தத்தின் இருமடியை நிறையின் இரு மடங்கால் வகுத்தால் இந்த ஆற்றல் கிடைக்கும். நிறை பாதியானால் பின்னுதைப்பு ஆற்றல் இரட்டிப்பாகும்.

பின்வரும் அட்டவணையில் சில பொதுவான தோட்டாக்களுக்கு இந்தக் கணக்கு செய்து காட்டப்பட்டுள்ளது. குண்டின் நிறையும் திசைவேகமும் தோராயமானவை. தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும்.

| தோட்டா | குண்டின் நிறை | குண்டின் வேகம் (மீ/நொடி) | துப்பாக்கியின் நிறை | பின்னோக்கு வேகம் (மீ/நொடி) | பின்னுதைப்பு ஆற்றல் |
|---|---|---|---|---|---|
| .22 லாங் ரைபிள் | 2.6 கிராம் | 270 | 700 கிராம் | 1.0 | 0.35 ஜூல் |
| .22 லாங் ரைபிள் | 2.6 கிராம் | 270 | 250 கிராம் | 2.8 | 1.0 ஜூல் |
| .32 ஸ்மித் அண்டு வெசன் லாங் | 6.35 கிராம் | 215 | 700 கிராம் | 2.0 | 1.3 ஜூல் |
| .32 ஸ்மித் அண்டு வெசன் லாங் | 6.35 கிராம் | 215 | 500 கிராம் | 2.7 | 1.9 ஜூல் |
| .38 ஸ்பெஷல் | 10.2 கிராம் | 230 | 700 கிராம் | 3.4 | 3.9 ஜூல் |
| .357 மேக்னம் | 10.2 கிராம் | 375 | 700 கிராம் | 5.5 | 10.5 ஜூல் |

அட்டவணையின் இரண்டாம் வரிசையையும் நான்காம் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். .22 தோட்டாவின் உந்தம் .32 தோட்டாவின் உந்தத்தில் ஏறத்தாழ பாதி. ஆயினும் 250 கிராம் எடையுள்ள .22 துப்பாக்கி பின்னோக்கி நகரும் வேகம், 500 கிராம் எடையுள்ள .32 துப்பாக்கியின் வேகத்துக்கு ஏறத்தாழச் சமமாக உள்ளது. சிறிய தோட்டாவால் கிடைத்த நன்மையின் பெரும்பகுதியைத் துப்பாக்கியின் குறைந்த எடை விழுங்கிவிடுகிறது. குட்டையான குழலில் குண்டின் வேகம் இதைவிடக் குறையும் என்பதால் நடைமுறை வேறுபாடு சற்று மாறலாம், போக்கு இதுவேயாகும்.

கை உணரும் அதிர்வு ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று. குண்டு 76 மில்லிமீட்டர் நீளமுள்ள குழலைக் கடக்க ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. இந்நேரத்தில் தசைகள் எதிர்வினை ஆற்ற இயலாது. எனவே முதல் அடியைத் தோலும் எலும்பும் மூட்டு நார்களும் தாங்குகின்றன. தசைகள் பின்னரே உதவிக்கு வருகின்றன. வெடிச்சத்தமும் இதில் பங்கு வகிக்கிறது. சத்தத்தால் திடுக்கிடுபவர் அடுத்த முறை சுடும் முன்பே மணிக்கட்டை இறுக்கிக் கீழ்நோக்கித் தள்ளுகிறார். குறி தவறுவதுடன் வலியும் கூடுகிறது. செவிக்காப்பு அணிந்தால் பின்னுதைப்பே குறைந்தது போலத் தோன்றுவது இதனாலேயே.

மணிக்கட்டில் நிகழ்வது

சுழல் துப்பாக்கியின் குழல், கைப்பிடியைப் பற்றியிருக்கும் கைக்கு மேலே அமைந்துள்ளது. பின்னோக்கிய விசை குழலின் அச்சு வழியே செயல்படுவதால், துப்பாக்கி நேராகப் பின்னால் வருவதோடு நில்லாமல் முனை மேலெழும்பும்படி சுழலவும் செய்கிறது. குழலுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள உயரம் கூடும்போது இந்தச் சுழற்சியும் கூடும். தானியங்கிப் பிஸ்டல்களைவிடப் பெரும்பாலான சுழல் துப்பாக்கிகளில் இந்த உயரம் அதிகம்.

துப்பாக்கியின் முனை மேலெழும்பும்போது மணிக்கட்டு பெருவிரல் பக்கமாக வளைகிறது. அப்பக்கத்தில் பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் ஒரே குறுகிய உறையின் வழியே செல்கின்றன. இந்த உறை தடித்து வலி தரும் நிலை, 1895 ஆம் ஆண்டு இதனை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் பிரிட்ஸ் டி குவெர்வெயினின் பெயரால் அழைக்கப்படுகிறது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாரிடமும், பெருவிரலை ஓயாது பயன்படுத்தும் தொழில் செய்வோரிடமும் இது காணப்படுகிறது. இந்நிலை உடையவருக்குத் துப்பாக்கியின் மேலெழும்பலைக் காட்டிலும், ஒவ்வொரு முறையும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுப்பதே கூடுதல் துன்பம் தரக்கூடும்.

மணிக்கட்டுக் குகை நோயில் சிக்கல் வேறு. மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் இடையே உள்ள குறுகிய வழியில் நடுநரம்பு அழுத்தப்படுகிறது. முதல் மூன்று விரல்களிலும் மரமரப்பு தோன்றும். இறுகப் பற்றுவதும் திரும்பத் திரும்ப அதிர்வதும் இதனை மோசமாக்கும். பின்னுதைப்பை அடக்குவதற்காகக் கைப்பிடியை நசுக்குவது போல் பிடிக்கும் பழக்கம் இவர்களுக்குத் தீங்கானது. பெருவிரலின் அடிமூட்டுத் தேய்மானம் உடையவருக்கோ கைப்பிடியின் தடிமனே முதன்மையானது.

ஆகவே "மணிக்கட்டு வலி" என்ற ஒரே பெயரில் வெவ்வேறு நோய்கள் அடங்கியுள்ளன. ஒருவருக்கு இதமான துப்பாக்கி மற்றவருக்கும் இதமாக இருக்கும் என்று கூற இயலாது. எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காரணத்தை அறிந்துகொள்வதே முதற்படி. விறைப்பான மணிக்கட்டுப் பட்டை அணிந்து சுடுவது சிலருக்கு உதவினாலும், மணிக்கட்டு ஏற்காத அதிர்வு முழங்கைக்குச் செல்லும் என்பதையும் கருத வேண்டும்.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

முதலாவது தோட்டா. .22 லாங் ரைபிள், .32 ஸ்மித் அண்டு வெசன் லாங் ஆகிய இரண்டுமே சுழல் துப்பாக்கிகளில் பரவலாக உள்ள மென்மையான தோட்டாக்கள். பின்னது 1896 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமானது. பழமையானது எனினும், அதன் மென்மையும் துல்லியமும் காரணமாக 25 மீட்டர் நடுவெடிப்புப் பிஸ்டல் போட்டிகளில் இன்றும் பயன்படுகிறது. அதே சட்டகத்தில் .357 மேக்னம் சுடுவது ஏறத்தாழ எட்டு மடங்கு ஆற்றலைக் கையில் இறக்கும்.

இரண்டாவது எடை. இதில் இருபுறமும் இழுபறி உள்ளது. கனமான துப்பாக்கி பின்னுதைப்பைக் குறைக்கும். ஆனால் நீட்டிய கையில் அதனைத் தாங்கி நிற்பதே நோயுற்ற தசைநாண்களுக்குச் சுமை. ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட துப்பாக்கியைச் சில நிமிடங்கள் உயர்த்திப் பிடித்தாலே வலி தொடங்கும் ஒருவருக்கு, குறைந்த பின்னுதைப்பால் பயன் இல்லை. .32 தோட்டாவுக்கு 700 கிராம் அளவு நியாயமான நடுநிலை எனலாம். முனைப்பக்கம் கனமாக இருந்தால் மேலெழும்பல் குறையும், ஆனால் தாங்கும் சிரமம் கூடும். இரு கைகளாலும் பிடித்தால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது கைப்பிடி. இது மிக மலிவாக மாற்றக்கூடிய பகுதி. மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படும் பகுதியும் இதுவே. மெல்லிய கைப்பிடி முழு விசையையும் உள்ளங்கையின் ஒரு சிறிய கோட்டில் செலுத்துகிறது. பின்புற உலோகத்தை மூடும் அகன்ற இரப்பர் கைப்பிடி அதே விசையைப் பரந்த பரப்பில் பகிர்கிறது. உந்தம் மாறவில்லை, அழுத்தம் மாறுகிறது. ஆனால் கைப்பிடி கையைவிடப் பெரிதானால் விரல் விசைவில்லை எட்டாது. அதை எட்டுவதற்காகக் கையைத் திருகிப் பிடிக்க நேரிடும். அப்போது குழல் முன்கையின் நேர்கோட்டிலிருந்து விலகி, பின்னுதைப்பு முழுவதும் பெருவிரல் அடிமூட்டில் இறங்கும். சிறிய கை உடையவர்கள் பலரும் அறியாமல் செய்யும் பிழை இது.

நான்காவது விசைவில். இரட்டைச் செயல் முறையில், விசைவில்லை இழுப்பதே சுத்தியலைப் பின்தள்ளி உருளையையும் சுழற்றுவதால், 4.5 முதல் 6 கிலோகிராம் வரை இழுவிசை தேவைப்படுவது வழக்கம். சுத்தியலை முன்னரே பெருவிரலால் இழுத்து வைத்தால் இதன் பாதிக்கும் குறைவான விசை போதும். விரலின் வலிமை குறைந்தவருக்கு இரண்டாம் முறையும், பெருவிரல் வலி உடையவருக்கு முதல் முறையும் ஏற்றவை. விற்பனையில் இது குறித்து யாரும் கேட்பதில்லை. ஆனால் நூறு முறை சுடும் பயிற்சியில் ஒரு நோயாளி உணரும் வலியில் பின்னுதைப்பின் பங்கைவிட விசைவில்லின் பங்கு பெரிதாக இருத்தல் கூடும்.

தானியங்கிப் பிஸ்டலில் நகரும் மேற்பகுதியும் சுருள்வில்லும் பின்னுதைப்பைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்புவதால் அடி மென்மையாகத் தோன்றும். எனினும் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அந்த மேற்பகுதியைக் கையால் வலித்து இழுக்க வேண்டும். மணிக்கட்டு வலி உடையவர் பலர் சுழல் துப்பாக்கியை விரும்புவதற்கு இதுவே காரணம்.

வலது மணிக்கட்டு பயன்படாத நிலையில் இடக்கைக்கு மாறுவதும் ஒரு வழி. அங்கேரிய வீரர் கரோலி தகாச்சின் வலது கை 1938 ஆம் ஆண்டு கையெறி குண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் இடக்கையால் சுடக் கற்று, 1948 இலண்டன், 1952 எல்சிங்கி ஒலிம்பிக் போட்டிகளில் 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார்.

இந்தியாவில் .32 சுழல் துப்பாக்கிகள்

இந்தியப் பொதுமக்களின் சுழல் துப்பாக்கி பெரும்பாலும் .32 ஆக இருப்பதற்கு மணிக்கட்டு நலன் காரணமன்று, சட்டமே காரணம். படைத்துறையில் வழங்கிய .380, .455 சுழல் துப்பாக்கித் தோட்டாக்கள், 9 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டா ஆகியவற்றைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையில் அடங்குகின்றன. படையிலிருந்து தோட்டாக்கள் வெளியே கசிவதைத் தடுப்பதே இதன் நோக்கம். எஞ்சியவற்றுள் .32 நிலைபெற்றது. தற்செயலாக இந்தியர்களுக்கு மிக மென்மையான நடுவெடிப்புத் தோட்டாக்களுள் ஒன்று வாய்த்தது.

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் உருவான .32 சுழல் துப்பாக்கி, பிரித்தானிய வெப்லி மார்க் 4 துப்பாக்கியின் அமைப்பைப் பின்பற்றியது. எடை சுமார் 700 கிராம். குழலின் நீளம் 3 அங்குலம். ஆறு தோட்டாக்கள் கொள்ளும். மேற்பக்கத் தாழை நெகிழ்த்தினால் துப்பாக்கி நடுவில் மடிந்து திறந்து, வெற்று உறைகளை ஒருசேர வெளித்தள்ளும். இறுக்கமான புதிய துப்பாக்கியில் இந்தத் தாழைப் பெருவிரலால் தள்ளுவதும் மடிப்பதும் நோயுற்ற கைக்கு எளிதன்று.

2012 ஆம் ஆண்டு திசம்பர் 16 அன்று தில்லியில் மாணவி ஒருவர் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளாகி உயிரிழந்த நிகழ்வை அடுத்து, 2014 சனவரியில் கான்பூர் பீல்டுகன் தொழிற்சாலை நிர்பீக்கை வெளியிட்டது. அம்மாணவிக்கு ஊடகங்கள் வழங்கிய நிர்பயா என்ற பெயரை நினைவூட்டும் இச்சொல்லுக்கும் அச்சமற்றவர் என்றே பொருள். தைட்டானியம் உலோகக் கலவையால் ஆன இதன் எடை 500 கிராம். அப்போதைய விலை ரூ. 1,22,360. பெண்களின் கைப்பைக்கு ஏற்ற எடை என்பதே இதன் முதன்மையான சிறப்பாகக் கூறப்பட்டது. துப்பாக்கி பெண்களுக்குப் பாதுகாப்பு தருமா என்ற கேள்வியை மணிப்பூரைச் சேர்ந்த செயற்பாட்டாளர் பினாலட்சுமி நெப்ரம் உள்ளிட்டோர் எழுப்பினர். விலையும் விவாதிக்கப்பட்டது. பின்னுதைப்பு பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. அதே தோட்டாவை 700 கிராமுக்குப் பதில் 500 கிராம் துப்பாக்கியில் சுடும்போது பின்னுதைப்பு ஆற்றல் 40 விழுக்காடு கூடுகிறது. சுமப்பவருக்கு இலகுவானது சுடுபவருக்கு இலகுவானதன்று. கைப்பையில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் துப்பாக்கிக்கு எடைக்குறைவு நன்மை. மாதந்தோறும் பயிற்சி செய்ய வேண்டிய துப்பாக்கிக்கு அதுவே தடை. பயிற்சியைத் தவிர்ப்பவரிடம் உள்ள துப்பாக்கி அவருக்கே இடராகும். எனினும் .32 தோட்டா இயல்பிலேயே மென்மையானது என்பதால், நிர்பீக்கின் பின்னுதைப்பு அதே எடையுள்ள .38 ஸ்பெஷல் துப்பாக்கியின் பின்னுதைப்பில் மூன்றில் ஒரு பங்கே.

மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை வெளியிட்ட நிடர், .22 தோட்டாவைச் சுடும் சுமார் 250 கிராம் எடையுள்ள சிறு துப்பாக்கி. அட்டவணையின் இரண்டாம் வரிசை இதன் எடையைக் கொண்டே கணிக்கப்பட்டது.

2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. கான்பூர், இச்சாப்பூர் தொழிற்சாலைகளும் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அந்நிறுவனம் 2023 ஆகத்து 18 அன்று பிரபல் என்னும் .32 சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. எடை மீண்டும் ஏறத்தாழ 700 கிராம். குழல் 76 மில்லிமீட்டர். உருளை பக்கவாட்டில் வெளியே வரும் அமைப்பு உள்ளதால், துப்பாக்கியை மடித்துத் திறக்க வேண்டியதில்லை. வலியுள்ள கைக்கு இம்மாற்றம் எடையில் செய்யப்பட்ட எந்த மாற்றத்தையும்விட உதவியானது.

இந்தியாவில் 7.65 மில்லிமீட்டர் என்று குறிக்கப்படும் தோட்டாக்கள் இரண்டு உள்ளன. சுழல் துப்பாக்கிக்குரியது 23 மில்லிமீட்டர் உறை உடையது. அசானி போன்ற பிஸ்டலுக்குரியது 17 மில்லிமீட்டர் உறை உடையது. இரண்டும் .32 என்றே பேச்சுவழக்கில் அழைக்கப்படுகின்றன. ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது.

காற்றுப் பிஸ்டல்

குறி சுடுதலே நோக்கம் எனில் சுழல் துப்பாக்கி தேவையில்லை. 10 மீட்டர் போட்டிகளில் பயன்படும் 4.5 மில்லிமீட்டர் காற்றுப் பிஸ்டலில் பின்னுதைப்பு புறக்கணிக்கத்தக்கது. விசைவில்லுக்கு 500 கிராம் இழுவிசை போதும். எடை விதிப்படி 1500 கிராம் வரை இருக்கலாம் என்பதும், ஒற்றைக் கையால் பிடிக்க வேண்டும் என்பதும் மணிக்கட்டு நோயாளி கவனிக்க வேண்டியவை. இளையோர் பிரிவினரும் சென்னை, மதுரை போன்ற நகரங்களின் ரைபிள் கழகங்களில் காற்றுத் துப்பாக்கியிலேயே பயிற்சியைத் தொடங்குகின்றனர்.

உரிமம்

1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றிச் சுழல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியது. 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் விண்ணப்பதாரரிடம் மருத்துவச் சான்றும், சுடுகலனைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் கோருகின்றன. கை நோய் உடையவர் இந்தப் பயிற்சியின்போதே வெவ்வேறு எடையுள்ள துப்பாக்கிகளைக் கையில் ஏந்திப் பார்ப்பது நல்லது. வாங்கிய பின் மாற்றுவதற்கு உரிமத்தில் பதிவு மாற்றம் தேவைப்படும்.

திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, மகாராஜபுரம் போன்ற மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றி, யானை ஆகியவற்றால் பயிர்ச்சேதம் ஏற்படுவதுண்டு. பயிர்க்காப்புக்கென உழவருக்குச் சட்டம் கருதும் ஆயுதம் வாய்வழி நிரப்பும் நாட்டுத் துப்பாக்கியே. சுழல் துப்பாக்கி அதில் அடங்காது. இவ்வூர்களை ஒட்டிய மலைப்பகுதி 2021 முதல் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக உள்ளது. உரிமம் பெற்ற துப்பாக்கியாயினும், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான அனுமதி இன்றிச் சரணாலயத்துக்குள் எடுத்துச் செல்ல இயலாது.